லேப்டாப் பிராசஸர் வாங்கும் முன்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் லேப்டாப் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட யோசனை கேட்டு வருகிறவர்கள் அதிகம். பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கும். இரண்டு மூன்று மாடல் பெயர் எழுதின துண்டுச்சீட்டு கையில் இருக்கும். நகையை வைத்துப் பணம் புரட்டியவர்களும் அதில் உண்டு. நான்கு வருஷம் உழைக்க வேண்டிய பொருள் என்பதால் அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனசு வராது. நான் லேப்டாப் விற்பதில்லை. திறந்து பார்க்கிறேன், அவ்வளவுதான். திறந்து பார்த்ததிலிருந்து தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டுமே ஐ5 தானே? ஒன்றுக்கு மட்டும் ஏன் விலை அதிகம்?

சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஒருவர் இதையேதான் கேட்டார்: "இன்னாபா, ரெண்டுமே ஐ5ன்னு தான் போட்டுக்குது. இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஜாஸ்தி?"

ஐ5 என்பது குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் இவர் யார் என்பதைப் பின்னால் வரும் எண்ணும் கடைசி எழுத்தும்தான் சொல்லும். 2022-இல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ5-1235யு, ஐ5-1240பி, ஐ5-12450ஹெச் என்று மூன்று இருக்கின்றன. யு என்றால் மின்சாரம் குறைவு, ஹெச் என்றால் அதிகம், பி நடுவில். கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடுகிற பகுதி; பெரியது வேகத்துக்கு, சின்னது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. 1235யு-வில் பெரிய கோர் 2, சின்னக் கோர் 8. அடிப்படை மின்சாரம் 15 வாட். 1240பி-யில் பெரியது 4, சின்னது 8, 28 வாட். 12450ஹெச்-சில் பெரியது 4, சின்னது 4, 45 வாட்.

கடையில் "இதில் 10 கோர், அதில் 8 கோர்தான்" என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை மட்டும் நம்பினால் 1235யு பெரியதாகத் தெரியும். ஆனால் பெரிய புராஜெக்ட் கம்பைல் செய்வது (எழுதின நிரலை ஓடுகிற மென்பொருளாக மாற்றுவது), வீடியோ ரெண்டர் போடுவது (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) மாதிரி நீண்ட வேலையில் 8 கோர் உள்ள 12450ஹெச் நன்றாகவே முந்தும். பெரிய கோர் இரண்டு மடங்கு, கிடைக்கும் மின்சாரமும் அதிகம். ஆனால் அதிலும் ஒரு குறை இருக்கிறது. அதனோடு வரும் கிராபிக்ஸில், அதாவது திரையில் படம் வரைகிற பகுதியில், 48 யூனிட்தான். பின்தங்கின 1235யு-வில் 80. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மாடலாக இருந்தால் இதையும் பார்க்க வேண்டும்.

ஆகவே துண்டுச்சீட்டில் "ஐ5, 12-ஆம் தலைமுறை" என்று மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். முழு எண்ணையும் கடைசி எழுத்தோடு எழுதி வாருங்கள். அது இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, கடைக்காரராலும் முடியாது.

ஐ7 என்றால் கண்டிப்பாக வேகமாக இருக்குமா?

இல்லை. ஐ7-1255யு-விலும் பெரிய கோர் 2, சின்னக் கோர் 8தான். 1235யு-வின் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், இதில் 4.7. கிராபிக்ஸ் 80-க்குப் பதில் 96 யூனிட். எக்செல் ஷீட்டிலும் பிரௌசரிலும் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கூடுதல் பணத்தில் 8 ஜிபி ரேமை 16 ஆக்கினால் முதல் நாளே தெரியும்.

ஏஎம்டி ரைசனில் எந்த எண்ணைப் பார்ப்பது?

7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு இலக்கம்தான் மாறுகிறது. உள்ளே நிலைமை வேறு. மூன்றாவது இலக்கம் 2 என்றால் ஜென் 2 என்கிற கட்டமைப்பு, அதாவது சிப்பின் உள் வடிவமைப்பு. அது 2019-இல் வந்தது. 3 என்றால் ஜென் 3 அல்லது ஜென் 3+. 4 என்றால் ஜென் 4. முதலில் நிற்கும் 7 வெளியான ஆண்டைத்தான் குறிக்கிறது. புது வருஷத்துப் பெயரில் பழைய கட்டமைப்பு வரலாம் என்பது இதிலிருந்தே விளங்கும். 7520யு-வில் 4 கோர், 7530யு-வில் 6 கோர்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது: 7520யு எல்பிடிடிஆர்5 ரேமை மட்டும்தான் ஏற்கும். இந்தச் சிப்போடு அது போர்டில் பற்றவைத்துத்தான் வரும். 8 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

போன வருஷம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அப்படி ஒரு மெஷினைக் கொண்டுவந்தான். இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ். "அண்ணா, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திறந்தா நிக்குது, 16 ஜிபி போட்டுடுங்க" என்றான். மூடியைத் திறந்து காட்டினேன். ரேம் ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கருப்புச் சதுரங்கள் போர்டோடு ஒட்டிக் கிடந்தன. கூட வந்த அவன் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க" என்றார். புதுசுதான், பொய்யில்லை. ஆனால் மூன்றாவது இலக்கத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

7520யு மோசமான சிப் என்று நான் சொல்லவில்லை. ஆன்லைன் வகுப்பு, டைப்பிங், படம் பார்ப்பது என்றால் போதும். மின்சாரமும் குறைவாகத்தான் குடிக்கும். மென்பொருள் படிக்கிற பிள்ளைக்கு அது போதாது.

கடைசி இலக்கத்துக்கும் அர்த்தம் உண்டு. 7530யு ஜென் 3, பழைய வேகா கிராபிக்ஸ். 7535யு, 7535ஹெச்எஸ் இரண்டும் ஜென் 3+, கிராபிக்ஸும் புதியது. இதற்குப் பிறகு ஏஎம்டி பெயரை மறுபடி மாற்றிவிட்டது. 100 வரிசை ஜென் 3+, 200 வரிசை ஜென் 4, ரைசன் ஏஐ 300 வரிசை ஜென் 5 என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இன்டெல்லில் "ஐ" போய் "கோர் 5", "கோர் அல்ட்ரா 5" என்று வருகிறதே?

இரண்டும் ஒன்றல்ல. 2024 தொடக்கத்தில் வந்த கோர் 5 120யு-வின் உள்ளே இருப்பது ஐ5-1335யு-வின் அதே அமைப்புதான்: பெரியது 2, சின்னது 8, 15 வாட். உச்ச வேகம் மட்டும் 4.6-இலிருந்து 5.0 கிகாஹெர்ட்ஸ் ஆகியிருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் 120யு வாங்கலாம். 1335யு நன்றாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள்.

"அல்ட்ரா" என்ற சொல் இருந்தால் கட்டமைப்பே வேறு. கோர் அல்ட்ரா 5 125ஹெச்-சில் 4 பெரிய கோர், 8 சின்னக் கோர், அதோடு மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 2 கோர். வீடியோ பார்ப்பது மாதிரி லேசான வேலையை அந்த இரண்டே கவனித்துக்கொள்ள முடியும். கிராபிக்ஸும் நல்ல முன்னேற்றம். 28 வாட் சிப் என்பதால் மெல்லிய உடம்பிலும் வருகிறது. பட்ஜெட் எட்டுமானால் வேகம், பேட்டரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நல்ல தேர்வு.

வேகத்தை எப்படி ஒப்பிடுவது? யூடியூபில் ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.

முதலில் உங்கள் வேலை எந்த வகை என்று பாருங்கள். டேலி, எக்செல், பிரௌசர், பைத்தான் பாடம் இவையெல்லாம் ஒரு கோரின் வேகத்தை நம்பி ஓடுகிறவை. இதில் 1235யு-வும் 12450ஹெச்-சும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டின் உச்சமும் 4.4 கிகாஹெர்ட்ஸ். கம்பைல், ரெண்டர், பெரிய சிமுலேஷன் எல்லாம் எல்லாக் கோரையும் ஒன்றாகப் பிடித்து இழுக்கிறவை. அங்கேதான் வாட் பேசும்.

சோதனை எண் பார்ப்பதானால் ஒரே தடவை ஓட்டிக் காட்டியதை நம்பாதீர்கள். பிராசஸரின் வேகத்தை அளக்கிற சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை 10 நிமிஷம் விடாமல் ஓட்டி எடுத்த எண்ணைத் தேடுங்கள். எந்த லேப்டாப்பும் முதல் நிமிஷம் பறக்கும். சூடு ஏறின பிறகு எங்கே போய் நிற்கிறது என்பதுதான் நீங்கள் தினமும் அனுபவிக்கப் போகிற வேகம். இரண்டு சிப்புக்கும் நடுவில் 10 சதவீதத்துக்குள்தான் வித்தியாசம் என்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு, விசிறி எத்தனை, ரேம் ஸ்லாட் எத்தனை என்று கேட்கத் தொடங்குங்கள்.

ஒரே பிராசஸர், என் நண்பனுடையது வேகமாக ஓடுகிறது, என்னுடையது ஓடவில்லை. ஏன்?

சூடுதான் காரணம். எங்கள் ஊருக்கு இது மற்ற ஊர்களைவிட முக்கியமான கேள்வி.

பிராசஸர் எத்தனை வாட் இழுக்கலாம் என்பதை லேப்டாப் செய்கிற நிறுவனம் முடிவு செய்கிறது. 1235யு-வின் அடிப்படை 15 வாட், கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை போகலாம் என்று இன்டெல் அனுமதிக்கிறது. ஒரு நிறுவனம் இரண்டு விசிறி வைத்து 25 வாட்டில் நிறுத்தும். இன்னொன்று மெல்லிய தகரத்துக்குள் ஒற்றை விசிறி வைத்து 15-லேயே பிடித்துவிடும். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் அச்சாகியிருக்கும்.

அடுத்தது வெளி வெயில். பெரும்பாலான லேப்டாப்களின் விவரத்தாளில், இயங்குவதற்கான அறை வெப்பநிலை 35 டிகிரி வரை என்று போட்டிருக்கும். கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐத் தாண்டுவது எல்லோருக்கும் தெரிந்தது. மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். அந்தப் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மெத்தைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், உள்ளே போகிற காற்றே சூடு. சிப் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 45 வாட் சிப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு 15 வாட் சிப்பின் வேகத்தை வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் நான் சொல்வது: ஏசி இல்லாத அறையில் வேலை செய்யப் போகிறவர், மெல்லிய உடம்பில் வரும் 45 வாட் ஹெச் சிப்பை எடுக்க வேண்டாம். ஹெச் வேண்டுமென்றால் கனமான, பின்பக்கமாகக் காற்று விடுகிற, இரண்டு விசிறி உள்ள மாடல். மெல்லியதுதான் வேண்டுமென்றால் யு. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

தூசியையும் சொல்ல வேண்டும். குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கைலி நெசவு வியாபாரம், கணக்கெல்லாம் லேப்டாப்பில். வேறொரு இடத்தில் "பிராசஸர் போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கீழ்மூடியைக் கழற்றினேன். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் நூல் பிசிறு சேர்ந்து சேர்ந்து ஒரு சின்னப் பாய் மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக உரிந்து வந்தது. விரலில் வைத்துப் பார்த்தால் நீல நூலும் வெள்ளை நூலும் தனித்தனியாகத் தெரிந்தன. "இது நம்ம தறி நூலு தாம்பா" என்றார் அவர். சுத்தம் செய்து, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பூசி மூடினேன். இன்றைக்கும் அதே லேப்டாப்பில்தான் கணக்குப் போடுகிறார். பிராசஸர் சாவது மிக அபூர்வம். மெதுவாகிவிட்டது என்றால் முதலில் விசிறியைப் பாருங்கள். தறி வீடு, மாவு மில், ரோட்டோரக் கடை என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை திறந்தாக வேண்டும்.

எந்த பிராசஸருக்கு பேட்டரி அதிக நேரம் வரும்?

விளம்பரத்தில் போட்டிருக்கும் மணி நேரத்தை மறந்துவிடுங்கள். நீங்களே கணக்குப் போடலாம். ஒரு வகுத்தல் கணக்குதான். பேட்டரியின் கொள்ளளவு வாட்-அவரில் எழுதியிருக்கும். சராசரியாக லேப்டாப் எத்தனை வாட் இழுக்கிறதோ அதால் வகுத்தால் மணி நேரம் வரும். 42 வாட்-அவர் பேட்டரி, இழுப்பு 7 வாட் என்றால் 6 மணி. அதே மெஷினில் திரை வெளிச்சத்தை முழுசாக வைத்து, பிரௌசரில் முப்பது டேப் திறந்து 12 வாட் இழுத்தால் மூன்றரை மணி. 56 வாட்-அவர் பேட்டரியோடு வந்த அதே பிராசஸர் முதல் கணக்கில் 8 மணி கொடுக்கும். ஆகவே சிப்பை ஒப்பிடும் முன் பேட்டரியை ஒப்பிடுங்கள்.

சிப்பின் பங்கு இல்லாமலும் இல்லை. சும்மா இருக்கும்போது எவ்வளவு குறைவாக இழுக்கிறது என்பதில்தான் அது தெரியும். யு வகை நல்லது. 2024 செப்டம்பரில் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசை, உதாரணத்துக்கு 226வி, இன்னும் நல்லது. ஆனால் அதில் ரேம் பிராசஸர் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. 16 வாங்கினால் 16தான். ஹெச் சிப்போடு தனி கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் மூன்று நான்கு மணிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் பக்கம் பேட்டரியை இரண்டு பேர் உண்மையாகவே நம்பியிருக்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகிற கரண்ட் சாயங்காலம் வருகிறதே, அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஒன்று. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியோடு வந்து, வார்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் இன்னொன்று. இவர்களுக்கு நான் வேகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. 50 வாட்-அவருக்கு மேல் பேட்டரி, யு சிப், சி டைப்பில் சார்ஜ் ஏறுகிற மாடல். முடிந்தது.

வாங்கி ஒரே வருஷத்தில் பேட்டரி குறைந்துவிட்டது. பிராசஸர்தான் இழுக்கிறதா?

பெரும்பாலும் வெயில்தான். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பதும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் கிழடாகிவிடும். மேஜையிலேயே சார்ஜரோடு வைத்து ஓட்டுகிறவர்கள், நிறுவனத்தின் செட்டிங்ஸ் ஆப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கிற கட்டளை உண்டு. அதில் பேட்டரி தயாரானபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்புகிற கொள்ளளவும் அடுத்தடுத்து வரும். 42-க்கு 30 என்று காட்டினால் பேட்டரி மாற்றும் நேரம். பிராசஸரைக் குற்றம் சொல்ல வேண்டாம். மே மாதத்தில் காரில் லேப்டாப்பை வைத்துப் பூட்டிவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போகிற பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்த மெஷின்களை நான் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

பிறகு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

முடியாது. சாக்கெட்டில் கழற்றி மாட்டுகிற லேப்டாப் பிராசஸர் இன்டெல்லின் 4-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது, அது 2013. இப்போது வருவதெல்லாம் போர்டில் பற்றவைத்தவை. மாற்ற வேண்டுமென்றால் போர்டையே மாற்ற வேண்டும், அதற்குப் புது லேப்டாப் பக்கத்தில் போய்விடும் செலவு. ஒரே தடவைதான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால்தான் பிராசஸரின் முழு எண்ணைப் படியுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

அப்படியானால் எதை மாற்றலாம்?

ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கிற பகுதி). சில மாடலில் வைஃபை கார்டு. ஆனால் ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்க்க வேண்டும். மூன்று வகை உண்டு: இரண்டு ஸ்லாட், 8 ஜிபி பற்றவைத்து ஒரு ஸ்லாட், முழுவதும் பற்றவைத்தது. பிராசஸருக்கும் இதற்கும் ஓரளவு சம்பந்தம் இருக்கிறது. 7530யு டிடிஆர்4 ஏற்கும், ஸ்லாட்டோடு வரக்கூடும். 7520யு-வுக்கும் 226வி-க்கும் வாய்ப்பே இல்லை. டிடிஆர்4 ரேம் குச்சி டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிப் போடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இரண்டாவது குச்சி போட்டால் இடம் மட்டும் அதிகமாவதில்லை. ஆரணியிலிருந்து ஒரு பெண் ஐ5-1235யு லேப்டாப் கொண்டுவந்தாள், டிசைன் படிக்கிற பிள்ளை. "அண்ணா, பாக்ஸ்ல ஐரிஸ் எக்ஸ்இன்னு போட்டிருக்கு, உள்ள யுஹெச்டின்னு காட்டுது, ஏமாத்திட்டாங்களா?" என்றாள். ஏமாற்றவில்லை. ஒரே ஒரு 8 ஜிபி குச்சி இருந்தது. ரேம் இரண்டு பாதையில் ஓடினால்தான் இன்டெல் அந்த கிராபிக்ஸை ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டும். காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டு ஆன் செய்தேன். டிவைஸ் மேனேஜரில் பெயர் தானாக மாறியிருந்தது. படம் வரைகிற மென்பொருளில் பக்கம் நகர்கிற விதமே வேறு மாதிரி ஆனதை அவளே காட்டினாள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ரேமைத்தான் கிராபிக்ஸும் குடிக்கிறது. பாதை ஒன்றுக்கு இரண்டானால் அதற்கு மூச்சு விட முடிகிறது.

என்100, ஐ3-என்305 மாதிரி எண்ணுக்கு முன் 'என்' எழுத்து வரும் இன்டெல் சிப்களில் ரேம் பாதையே ஒன்றுதான். அங்கே இந்த லாபம் கிடைக்காது.

இப்போது 8 ஜிபி வாங்கிவிட்டு அடுத்த வருஷம் ஏற்றிக்கொள்ளலாமா?

முன்பெல்லாம் நானே அப்படித்தான் சொல்வேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்கள் போய்விடுவது காரணம். ஆகவே இன்றைய நிலையில் 16 ஜிபியோடு வரும் மாடலுக்கும், 8 ஜிபி மாடலோடு தனியாக ஒரு 8 ஜிபி குச்சி வாங்குவதற்கும் அன்றைய விலையைக் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். பற்றவைத்த வகையானால் யோசிக்கவே வேண்டாம், 16.

கடையிலேயே நின்றுகொண்டு எப்படிச் சரிபார்ப்பது?

டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் மேலே பிராசஸரின் முழுப் பெயர் வரும். மெமரியைத் தொட்டால் கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். எஸ்ஓடிம் என்று இருந்தால் கழற்றி மாட்டுகிற குச்சி. ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைத்தது. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் என்பதும் அங்கேயே தெரியும். அரை நிமிஷ வேலை. மாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஸ்னாப்டிராகன் லேப்டாப்? மேக்புக்?

ஸ்னாப்டிராகன் எக்ஸ் வகைக்கு பேட்டரி உண்மையிலேயே நன்றாக வருகிறது. வேகத்திலும் குறை சொல்ல மாட்டேன். அது ஏஆர்எம் வகைச் சிப், இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து வேறுபட்டது. பழைய விண்டோஸ் மென்பொருளை மொழிபெயர்த்து ஓட்டும், ஆனால் பிரிண்டர் மாதிரிக் கருவிகளை இயக்குகிற டிரைவரை மொழிபெயர்க்காது. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனி ஆபீஸ்களில் ஜிஎஸ்டிக்கும் ஏற்றுமதிக் காகிதத்துக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் குத்துவார்கள். அந்த டோக்கனுக்கு, பழைய பிரிண்டருக்கு, காலேஜின் தேர்வு மென்பொருளுக்கு ஏஆர்எம் டிரைவர் அல்லது பதிப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. 2020 கடைசியில் வந்த எம்1 இன்றைக்கும் தினசரி வேலைக்கு நன்றாக ஓடுகிறது. ரேம், எஸ்எஸ்டி இரண்டும் கடைசிவரை அதேதான். இன்ஜினியரிங் படிப்பவர்கள் பாடத்தில் வரும் மென்பொருள் மேக்கில் ஓடுமா என்று துறையில் கேளுங்கள். சில விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

ஏஐ பிராசஸர் என்கிறார்களே, அவசியமா?

ஏஐ வேலைக்கென்றே சிப்பில் இருக்கும் என்பியு என்கிற தனிப் பகுதி அது. மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் அடையாளத்துக்கு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) வேண்டும். அல்ட்ரா 5 125ஹெச் அந்த அளவுக்கு வராது, 226வி வரும். படிக்கிற பிள்ளைக்கு இதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆபீஸில் ஓடின பழைய லேப்டாப் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி. வாங்கலாம், ஆனால் ஒரு கோடு இருக்கிறது. இன்டெல் 7-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் நடுவில் அந்தக் கோடு. ஐ5-7200யு-வில் 2 கோர். 2017-இல் வந்த ஐ5-8250யு-வில் 4 கோர், அதே 15 வாட்டில். வெறும் ஒரு தலைமுறைக்குள் அப்படி ஒரு தாவல். விண்டோஸ் 11-உம் இன்டெல்லில் பொதுவாக 8-இலிருந்துதான் முறையாக ஏற்கப்படுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்த ஆபீஸ் மெஷின்களில் பலவற்றில் ரேம் ஸ்லாட் இரண்டு இருக்கும், பேட்டரி சுலபமாகக் கழன்று வரும். பற்றவைத்த 8 ஜிபியோடு வரும் மலிவான புதியதைவிட, நல்ல நிலையில் இருக்கிற ஐ5-8250யு அல்லது 8350யு மெஷினில் 16 ஜிபி போட்டு, புது பேட்டரி மாற்றிக் கொடுப்பதை நான் பல குடும்பங்களுக்குச் செய்திருக்கிறேன்.

ரேமை நானே திறந்து போடலாமா? வாரன்டி போய்விடுமா?

பல நிறுவனங்கள் ரேம், எஸ்எஸ்டி மாற்ற அனுமதிக்கின்றன. நாம் உடைத்ததற்கு மட்டும் பொறுப்பேற்க மாட்டார்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டை முதலில் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கி, முழுசாக ஷட் டவுன் செய்து, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ரேமில் கை வைக்கலாம். குச்சியைச் சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கொக்கியும் "டிக்" என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள்.

திருகைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல மாடலில் பின்பக்கத் திருகு நீளம், முன்பக்கத் திருகு குட்டை. நீளத்தைக் கொண்டுபோய் முன்பக்கம் முறுக்கினால் அது உள்ளே ஏறி மேல்பக்கம் கை வைக்கிற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி முட்டின லேப்டாப் ஒன்று இப்போதும் என் மேஜைமேல் இருக்கிறது, மேல்மூடி வரக் காத்துக்கொண்டு.